கப்பலுக்கு எது முகூர்த்தம்?

கல்யாணத்துக்கு நாள் குறிக்க ஜோசியர் இருக்கிறார். கிரகப்பிரவேசத்துக்கும் இருக்கிறார். புது ஸ்கூட்டர் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவதற்குக்கூட நல்ல நேரம் சொல்ல எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் குருக்கள் இருக்கிறார். ஆனால் கப்பல் ஏறித் தீவுக்குப் போக எந்த மாசம் நல்ல மாசம் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு ஆசாமி கிடைக்க மாட்டார். டிராவல்ஸ்காரரைக் கேட்டால், "எப்ப வேணா போலாம் சார், பன்னெண்டு மாசமும் சீசன்தான்" என்பார். பன்னிரண்டு மாசமும் சீசன் என்று சொல்கிறவரிடம் குற்றாலத்துக்குக்கூட டிக்கெட் வாங்காதீர்கள்.

எங்கள் வீட்டில் இதற்கென்று ஒரு ஆள் இருந்தார். அப்பா.

அப்பா சென்னைத் துறைமுகத்தில் டாலி கிளார்க். தெரியாதவர்களுக்காக: கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டை எத்தனை, ஏறுகிற பெட்டி எத்தனை என்று கப்பலடியில் நின்று, நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணுகிற உத்தியோகம். 1974-ல் சேர்ந்து 2010-ல் ரிட்டயர் ஆகும் வரை முப்பத்தாறு வருஷம் எண்ணினார். கல்யாண வீட்டில் பந்திக்கு எழுந்து போகும்போதே இந்தப் பக்கம் நாற்பத்திரண்டு இலை, அந்தப் பக்கம் முப்பத்தெட்டு என்று சொல்லிவிடுவார். கொடியைப் பார்த்து எந்த நாட்டுக் கப்பல் என்பார். ஆனால் ஒரு கப்பல்கூட அவரை ஏற்றிக்கொண்டு நகர்ந்ததில்லை. கப்பல் கிளம்புமுன் இறங்கிவிட வேண்டும். அதுதானே வேலையே!

கல்யாணமான புதிதில் அம்மாவைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போய் அந்தமான் கப்பல் கிளம்புவதைக் காட்டினாராம். மேல் தளத்தில் வரிசையாக நின்று கையாட்டிய ஜனங்களைப் பார்த்து, "நாம எப்ப மேலேர்ந்து கையாட்டறது?" என்று அம்மா கேட்டாளாம்.

"நல்ல சீசனாப் பார்த்துப் போலாம்" என்றாராம் அப்பா.

அந்த ஒரு வாக்கியத்தை நம்பி அம்மா முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தாள்.

மே மாசம் எங்களுக்கு ஸ்கூல் லீவு விட்டதும் அம்மா ஆரம்பிப்பாள். அப்பா காலண்டரைப் பார்ப்பார். "மேயா? நம்ம கேரளாவுக்கு மழை ஜூன் ஒண்ணாந்தேதின்னா, அந்தமானுக்கு மே இருபது வாக்கிலயே எறங்கிடும். அதுக்கு முன்னாடி போனா புழுக்கம். ஏப்ரல், மேல புயல் வேற உருவாகும். புள்ளைங்களைக் கூட்டிட்டு நடுக்கடல்ல மாட்டிக்கணுமா?" என்பார். அந்த வருஷம் மாமல்லபுரம்.

ஜூலையில் அப்பாவுக்கு லீவு சுலபமாகக் கிடைக்கும். சென்னையில் பகலெல்லாம் வெயில் கொளுத்தும். வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. இதைவிட நல்ல நாள் ஏது என்று அம்மாவுக்கு நியாயமான சந்தேகம். அப்பா ஒரு பித்தளை டம்ளரை எடுத்துத் தரையில் படுக்கப் போட்டு உருட்டிக் காட்டுவார். "பாரு, இதான் கப்பல். மெட்ராஸ்லேர்ந்து அந்தமான் கிட்டத்தட்ட நேர் கிழக்கு. காத்து எங்கேர்ந்து அடிக்குது? தென்மேற்கு. அலை பக்கவாட்டுல வந்து மோதும். முன்னுக்குப் பின் ஆடினாக்கூட மனுஷன் தாங்கிடுவான். இப்படிப் பக்கத்துக்குப் பக்கம் உருண்டா குடல் வாய்க்கு வந்துடும்." ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம். அப்புறம் டம்ளருக்கு என்ன கதி? மெட்ராஸ் வெயிலைப் பார்த்து நடுக்கடலின் குணத்தை எடை போடக் கூடாது என்பது அப்பா சித்தாந்தம்.

தீபாவளி லீவுக்குக் கேட்டால் கூண்டு. புயல் எச்சரிக்கைக் கூண்டு என்று ரேடியோவில் சொல்வார்களே, அது அப்பாவுக்குக் கண் முன்னால் ஏறி இறங்குகிற சமாசாரம். ஒன்றாம் எண் ஏற்றினால் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போதே முகத்தில் ஒரு பெருமை தெரியும். "பார்த்தியா, நான் சொன்னேன்ல?" அக்டோபர், நவம்பர் முழுக்க இதே பாட்டு. டிசம்பரில் அரைப் பரீட்சை லீவு வரும். "டிசம்பரை நம்பவே கூடாது. கடைசி நேரத்துல கவுத்துடும்" என்பார்.

மீதி இருப்பது ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை. தை, மாசி, பங்குனி. அப்பாவின் கடலில் அதுதான் முகூர்த்த காலம். ஆனால் அப்போது எங்கள் வீட்டில் முகூர்த்தம் கிடையாது. பெரிய அக்காவுக்குப் பத்தாவது, அடுத்த வருஷம் சின்ன அக்காவுக்கு, பிறகு பெரியவளுக்குப் பன்னிரண்டாவது, அப்புறம் அண்ணன், கடைசியில் கடைக்குட்டி நான். நாலு குழந்தைகள், எட்டு பப்ளிக் பரீட்சை. கடல் சரியாக இருந்தபோது நாங்கள் சரியாக இல்லை.

இதில் விசேஷம் என்னவென்றால், அப்பா சொன்ன காரணம் ஒன்றுகூடச் சாக்கு இல்லை. பிற்பாடு நானே உட்கார்ந்து சரிபார்த்துவிட்டேன். அந்தமானுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. நம் சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால் போர்ட் பிளேரில் சுமார் 3,000. மே கடைசியில் பிடித்தால் டிசம்பர் வரை விட்டு விட்டுக் கொட்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் வானம் ஓய்வெடுக்கும். சூரியன் தெற்கே போகும்போது மழை மேகப் பட்டையும் அதன் பின்னாலேயே பூமத்திய ரேகைக்குத் தெற்கே போய்விடுகிறது. வங்கக் கடலில் புயலும் வருஷத்துக்கு இரண்டு சீசன் பார்த்து வருகிறது: ஏப்ரலிலிருந்து ஜூன் தொடக்கம் வரை ஒன்று, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஒன்று. நவம்பரில் உச்சம். பிப்ரவரி, மார்ச்சில் புயல் என்பது மிக அபூர்வம்.

டிசம்பரை நம்பாதே என்றாரே, அதற்கு 2016 சாட்சி. வர்தா புயல் முதலில் அந்தமான் பக்கம்தான் உருவானது. ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டூரிஸ்ட்டுகள் படகு இல்லாமல் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டு வந்தன. பிறகு அதே வர்தா மேற்கே வந்து டிசம்பர் 12-ம் தேதி சென்னையில் எங்கள் தெரு வேப்பமரத்தைப் பிடுங்கிப் போட்டது. அப்பா ஜன்னல் வழியாக அந்த மரத்தைப் பார்த்தபடி, "இந்த வாரம் நாம கப்பல்ல இருந்திருந்தா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "இருந்திருந்தா கப்பல்ல இருந்திருப்போம்" என்றாள்.

2019 செப்டம்பரில் அம்மா போய்விட்டாள். சர்க்கரை, பிறகு கிட்னி. அதற்கப்புறம் அப்பா சீசன் பேச்சை எடுக்கவே இல்லை. ரேடியோவில் கூண்டு என்றால் எழுந்து போய் வால்யூமைக் குறைப்பார்.

2024 ஜனவரியில் அவருடைய வலது முட்டியைப் பார்த்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இடது முட்டி மாத்தியாச்சு. இதையும் இந்த வருஷத்துக்குள்ள மாத்திடணும் பெரியவரே. அதுவரைக்கும் படி ஏறலாம், ஆனா அளவா" என்றார். அப்பாவுக்கு எழுபத்து மூன்று வயசு. கேங்வே என்பது ஏணி மாதிரி, செங்குத்தான சாய்வுப் படி. இன்னும் எத்தனை வருஷம் அவர் அதை ஏறுவார் என்று நான் மனசுக்குள் நாலு கோடு போட்டுப் பார்த்தேன். ஐந்தாவது கோடு இழுக்கத் தைரியம் வரவில்லை.

பிப்ரவரி என்று முடிவு செய்தேன்.

ஆபீஸ் டீக்கடையில் இதைச் சொன்னதும் ஆளுக்கொரு கப்பல் விட்டார்கள். அந்த மாசம்தான் பிரதமர் லட்சத்தீவு போய் வந்த படங்கள் வந்து, ஊரே லட்சத்தீவு லட்சத்தீவு என்று அலைந்துகொண்டிருந்தது. "ஜூன்ல போலாம் மச்சி, அப்ப ரேட் கம்மி" என்றான் பர்ச்சேஸ் பிரிவு நண்பன். கம்மியாக இருக்கிறதென்றால் ஏன் கம்மி என்று கேட்க வேண்டாமா? ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலைப் போட்டு அடிக்கும். லட்சத்தீவில் பல இடங்களில் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. பவளப்பாறைக்கு வெளியே நிற்கும், அங்கேயிருந்து சின்னப் படகுக்கு மாற வேண்டும். ஜூன் அலையில் கப்பல் ஒரு ஆள் உயரம் ஏறும்போது படகு ஒரு ஆள் உயரம் இறங்கும். அந்த இடைவெளியில் தாவ நம்மில் எத்தனை பேர் சர்க்கஸ் படித்திருக்கிறோம்? டிசம்பர் தொடக்கமும் அங்கே முழு நிச்சயமில்லை. 2017-ல் ஒக்கி கன்னியாகுமரியைச் சூறையாடிவிட்டு நேராகப் போனது லட்சத்தீவுக்குத்தான்.

சேல்ஸில் ஒருவர் விஷயம் தெரிந்தவர். "சொகுசுக் கப்பல் மட்டும் ஜூன்ல எப்படி ஓடுது?" என்று மடக்கினார். நல்ல கேள்வி. 2022 ஜூனில் கார்டீலியா கப்பல் மும்பையை விட்டுச் சென்னைக்கு வந்ததே, ஏன் வந்தது? மும்பைப் பக்கம் மழைக்காலக் கடல் சரிப்படாது என்றுதான். 2023-ல் அதே கப்பல் இங்கிருந்து இலங்கைக்குப் போனது. இலங்கையிலும் ஒரு வேடிக்கை: காலிப் பக்கம் போக டிசம்பரிலிருந்து மார்ச், திருகோணமலைப் பக்கம் போக மே முதல் செப்டம்பர். ஒரே தீவு, இரண்டு முகூர்த்தம். தென்மேற்குக் காற்று மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வெறுங்கையோடு வருகிறது. வெள்ளைக்காரச் சொகுசுக் கப்பல்களும் இப்படித்தான். வேடந்தாங்கல் பறவை மாதிரி, குளிர்காலத்துக்கு கரீபியன், கோடைக்கு அலாஸ்கா, மத்தியதரைக் கடல். கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் சீசன் என்பது அவர்கள் காலண்டரில் அச்சடித்தே இருக்கும். ஆக, கப்பல் முதலாளிக்கு நல்ல மாசம் தெரியும். தெரியாதவர் டிக்கெட் வாங்குகிறவர்தான்.

இன்னொருத்தன் கடைசியாக, "டேய், இப்ப எதுக்குக் காசைச் செலவழிக்கிறே? கல்யாணத்துக்கப்புறம் ஹனிமூனுக்கு ஒரேயடியாப் போயிடலாம்ல?" என்றான். எனக்குப் பெண் பார்ப்பது எந்தப் பருவமழையிலும் சேராத தனிச் சீசன். பதில் சொல்லவில்லை.

லீவு வாங்குவது கடலைவிடக் கரடுமுரடு. நான் இருப்பது அக்கவுண்ட்ஸில். எங்கள் ஆட்களுக்கு வருஷத்தில் பதினொரு மாசம்தான். மார்ச் என்பது மாசம் இல்லை, தண்டனை. கடலுக்கு நல்ல மாசமான மார்ச்சில் எங்கள் மேனேஜர் தண்ணீர் குடிக்கப் போனாலே வாட்ச்சைப் பார்ப்பார். பிப்ரவரி முதல் வாரம் என்றதும் மூக்குக் கண்ணாடியை இறக்கினார்.

"பிப்ரவரியில யாருய்யா டூர் போவான்? மே மாசம் போயேன், ஜாலியா."

"மேல அங்க மழை சார்."

"டிசம்பர் போயிருக்கலாம்ல?"

"புயல் சார்."

"உங்கப்பா என்ன, மெட்டியராலஜியா?"

"இல்ல சார், டாலி கிளார்க்."

அவர் என்ன நினைத்தாரோ, கையெழுத்துப் போட்டுவிட்டார். "பன்னெண்டாம் தேதி நீ இங்க இருக்கணும்" என்றார்.

இங்கே ஒரு யோசனை சொல்லிவிடுகிறேன், உபயோகமாக இருக்கும். ஆபீஸ் போகிறவன் அந்தமானுக்குக் கப்பலில் போகலாம், கப்பலில் திரும்பக் கூடாது. சென்னையிலிருந்து அறுபது மணி நேரம், அதாவது மூன்று நாளைக்குக் கொஞ்சம் குறைவு. மாசத்துக்குச் சில தடவைதான் கப்பல். காற்று, ரிப்பேர், சரக்கு என்று தேதி தள்ளிப் போவதும் உண்டு. தீவு ஜனங்களுக்கு அது பஸ் மாதிரி. நம் லீவு லெட்டரை உத்தேசித்து ஓடுவதில்லை. போகும்போது ஒருநாள் தள்ளினால் வீட்டில் இருக்கலாம். வரும்போது தள்ளினால் வேலை போகும். திரும்ப விமானம், இரண்டு மணி நேரம் சொச்சம். மத்திய சர்க்காரில் இருக்கிற பாக்கியவான்களுக்கு அந்தமான் என்றால் எல்.டி.சி.யிலேயே விமானச் சலுகை உண்டு. மற்றவர்கள் பொருமிக்கொண்டே டிக்கெட் வாங்கலாம்.

தேதியைத் துல்லியமாக்கியது அப்பாதான். தினசரிக் காலண்டரைப் புரட்டி, "ஒம்பதாம் தேதி தை அமாவாசை. அதை நடுவுல வெச்சுக்கோ" என்றார். அமாவாசை, பௌர்ணமியில் கடல் நன்றாக ஏறி நன்றாக வடியும் என்பது துறைமுகத்து ஆட்களுக்குப் பால பாடம். நீல் தீவில் கடலோரம் இயற்கையாகவே அமைந்த கல் பாலம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் வடிந்தால்தான் கிட்டே போக முடியும். "அதோட அன்னிக்கு உங்கம்மாவுக்கு எள்ளும் தண்ணியும் எறைக்கணும் நீ" என்றார் பஞ்சாங்கத்தை மூடியபடி. இவ்வளவு நாளைக்குப் பிறகு அவர் வாயில் அந்தமானும் அம்மாவும் ஒரே மூச்சில் வந்தது அன்றுதான்.

கேங்வேயில் அவர் பதினெட்டுப் படி ஏறினார் என்று அவரேதான் எண்ணிச் சொன்னார். மேலே போனதும் மூச்சு வாங்க நின்று, கீழே கப்பலடியைப் பார்த்தார். அவர் முப்பத்தாறு வருஷம் நின்ற இடம். இழுவைப் படகு இழுக்க, கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு முழம் தண்ணீர், பிறகு ஒரு ஆள் நீளம், பிறகு ஒரு தெரு அகலம். கீழே நின்ற யாரோ பொதுவாகக் கையாட்டினார்கள். அப்பா கையாட்டவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பக்கத்தில் நின்ற நான்தான் ஆட்டினேன்.

கப்பல் என்றதும் நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி என்று கற்பனை பண்ணிவிடாதீர்கள். இது சர்க்கார் கப்பல். பங்க் கிளாஸ், கேபின் என்று வகுப்புகள். வரிசையில் நின்றால் தட்டில் சோறு, பருப்பு, ஒரு பொரியல். ஆனால் கிளம்பிச் சில மணி நேரத்தில் செல்போன் சிக்னல் செத்துப் போகிறது. மார்ச் க்ளோசிங்கை நினைத்து நடுங்குகிற அக்கவுண்ட்ஸ்காரனுக்கு அதற்கு மேல் என்ன சொகுசு வேண்டும்?

படுக்கை கப்பலின் நடுவிலும் கீழ்த் தளத்திலும் கிடைத்தால் விடாதீர்கள். ஊஞ்சலின் நுனிதான் அதிகம் ஆடும், கொக்கியருகே ஆடாது. அவோமின் மாத்திரையை டாக்டரைக் கேட்டுத்தான் கொண்டு போயிருந்தோம். முதல் ராத்திரி லேசாக ஆடியது. அப்பாவின் டம்ளர் மேஜையில் ஒரு விரற்கடை இந்தப் பக்கம் நகர்ந்தது, ஒரு விரற்கடை அந்தப் பக்கம். அவர் அதைப் படுத்தபடியே வேடிக்கை பார்த்தார். "வடகிழக்கு வாடை. சும்மா தட்டிக் குடுக்குது. இதுவே ஆடியா இருந்தா டம்ளர் இந்நேரம் அடுத்த கேபின்ல இருக்கும்."

இரண்டாம் நாள் கடலின் நிறம் மாறிவிட்டது. மெரினாவில் நாம் பார்க்கிற பச்சையும் இல்லை, காவியும் இல்லை. பேனா மையைக் கொட்டின மாதிரி கருநீலம். கீழே சுமார் மூன்று கிலோமீட்டர் ஆழம். கப்பலின் முன்பக்கத்திலிருந்து பறக்கும் மீன்கள் கூட்டமாகக் கிளம்பி, வெள்ளிக் காசு வீசின மாதிரி தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போயின. அப்பா எண்ண ஆரம்பித்துப் பதினேழில் விட்டுவிட்டார். எனக்குத் தெரிந்து அவர் எண்ணிக்கையை நடுவில் விட்டது அதுதான் முதல் தடவை.

ராஜேந்திர சோழன் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று வருவது இந்தப் பக்கத்து நிக்கோபாரைத்தான். பாய்மரக் காலத்தில் கிழக்கே போகத் தென்மேற்குக் காற்றுக்குக் காத்திருந்தார்கள், ஊர் திரும்ப வடகிழக்குக் காற்றுக்குக் காத்திருந்தார்கள். அவர்களுக்குக் காற்று வேண்டும். டீசல் இன்ஜின் வைத்திருக்கிற நமக்குக் காற்று வேண்டாம். அவர்கள் வெறுத்த அசைவற்ற கடலைத்தான் நாம் நல்ல சீசன் என்கிறோம்.

சீசன், சீசன் என்று நானும் அப்பாவும் மேல் தளத்தில் பேசிக்கொண்டிருந்ததை, பக்கத்தில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கச்சல் தீவுக்காரர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களை 1970-களில் அந்தத் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றினார்கள். அப்படிச் சிறுமியாக வந்தவர். 2004 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் அதுவும் ஒன்று. கண் ஆபரேஷனுக்குச் சென்னை வந்து திரும்பிக்கொண்டிருந்தார். போர்ட் பிளேரில் இறங்கி இன்னொரு கப்பல் பிடிக்க வேண்டுமாம்.

"நீங்க எந்த மாசத்துல பாட்டி வருவீங்க, போவீங்க?" என்று கேட்டேன்.

"வியாதி எந்த மாசம் வருதோ அந்த மாசம்" என்றார். "போன தடவை ஜூலையில வந்தேன். மூணு நாளும் படுத்தே கெடந்தேன், பச்சத் தண்ணி எறங்கல. என்ன செய்ய? பேத்திக்குப் பிரசவம். மழை நிக்கட்டும்னு அது காத்திருக்குமா?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, எங்கள் பையிலிருந்த உப்பு நெல்லிக்காய்ப் பொட்டலத்தை எடுத்து அந்தப் பாட்டியிடம் கொடுத்தார்.

போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், நாங்கள் போனபோது போர்ட் பிளேர்தான்) போய்ச் சேர்ந்ததும் புரிந்த முதல் விஷயம், அங்கே சாயங்காலம் சீக்கிரம் வருகிறது. கடிகாரம் நம் கடிகாரம், சூரியன் அவர்கள் சூரியன். சென்னையைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் முன்னதாக அஸ்தமனம். பிப்ரவரியில் ஐந்தரைக்குள், டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டு. கிறிஸ்துமஸ் கூட்டத்தில் இரட்டை வாடகை கொடுத்து வருகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். செல்லுலர் ஜெயிலுக்குக் காலையிலேயே போய்விடுவது புத்திசாலித்தனம். அதைப் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது, நான் விடுகிறேன்.

ஹேவ்லாக்குக்கு, அதாவது 2018 முதல் ஸ்வராஜ் தீவுக்கு, போகும் வழியில் கடல் தட்டு மாதிரி இருந்தது. கரையில் நின்று பார்த்தால் முழங்கால் ஆழத்தில் கால் விரல் நகம் தெரிந்தது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மழைத் தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு வராததால் தண்ணீர் தெளிவாக இருக்கும். காற்றுச் சிலிண்டரோடு முழுகுகிறவர்கள் அந்த மாசங்களுக்குத்தான் தவம் கிடக்கிறார்கள். நான் முழுகவில்லை. அப்பாவைத் தனியே விட மனசில்லை.

தை அமாவாசையன்று விடிகாலை எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். சென்னையிலிருந்து தம்ளரில் கட்டிக் கொண்டுபோன எள்ளு. அப்பா கொஞ்சம் தள்ளி, மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் முடித்து வந்ததும், "தண்ணி எந்தப் பக்கம் போகுது பாரு. வடிஞ்சுக்கிட்டிருக்கு. நேரா உள்ள எடுத்துட்டுப் போயிடும்" என்றார்.

அன்று ராத்திரிதான் அந்த அதிசயம். அமாவாசை இருட்டில், விளக்கெல்லாம் அணைந்த கரையில், தண்ணீரைக் காலால் கலக்கினால் நீலப் பொறி பறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்கள், அசைத்தால் வெளிச்சம் விடுமாம். நிலா இருந்தால் தெரியாது. என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்பா கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றார். ஒரு காலை நகர்த்தினார். பொறி. இன்னொரு காலை. பொறி.

"உங்கம்மா இருந்தா பயந்திருப்பா" என்றார்.

"பயந்திருக்க மாட்டாங்கப்பா."

"ஆமா" என்றார் கொஞ்சம் பொறுத்து. "நான்தான் பயந்தவன். அவ என்னிக்குப் பயந்தா?"

அதற்கப்புறம் ரொம்ப நேரம் அங்கேயே நின்றோம். முட்டி வலிக்கவில்லையா என்று இரண்டு தடவை கேட்டேன். பதில் வரவில்லை.

பதினோராம் தேதி விமானம். அப்பாவுக்கு ஜன்னல் ஸீட். மூன்று நாள் கடந்த கடலை மேலிருந்து இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டார். கீழே ஒரு கப்பல் எறும்பு மாதிரி கிழக்கே போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தார். எந்த நாட்டுக் கொடி என்று தெரியவில்லை என்பதில் அவருக்கு வருத்தம்.

மீனம்பாக்கத்தில் பெல்ட்டைக் கழற்றும்போது, "அடுத்த வருஷம் மாசியில லட்சத்தீவு போலாம். பிப்ரவரிக்குள்ள முடிச்சுக்கலாம், மார்ச் வேணாம், உனக்கு க்ளோசிங்" என்றார்.

"முட்டி ஆபரேஷன் இருக்கேப்பா?"

"அதுக்கென்ன, ஆடியில வெச்சுக்கோ. அப்ப எப்படியும் கடலுக்குப் போக முடியாது."